உள்ளதைச் சொல்பவன்

எனக்கு வாயைத் திறந்தால் "ஆமா"தான் வரும். வீட்டில் அப்படி, வேலையிடத்தில் அப்படி, துணிக்கடையில்கூட அப்படி. "இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கு மேடம்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் போதும், பிடிக்காத கலரை வாங்கிவந்து மடித்து வைத்துவிடுவேன். என் அலமாரியைத் திறந்து பார்த்தால் ஊரில் உள்ள கடைக்காரர்களுக்கு என்னென்ன கலர் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளலாம்.

நான் வேலை பார்ப்பது காது, மூக்கு, தொண்டை டாக்டர் ஒருவரின் கிளினிக்கில். இரண்டாவது மாடி. சத்தம் புகாத சின்னக் கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புவேன். கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். பாதிப் பேர் கேட்காமலே அமுக்குவார்கள். காது மந்தம் என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனசு வராது. பதினோரு வருஷமாக அப்படிப்பட்டவர்களிடம் உண்மையைப் பக்குவமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் முகம் வாடினால் எனக்கும் வருத்தமாக இருக்கும். ஆனால் அவர்கள் போய்விடுவார்கள், அடுத்த ஆள் உள்ளே வருவார்.

அக்காவிடம்தான் என்னால் சொல்ல முடியவில்லை.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். இரண்டாம் வகுப்பு டீச்சர். நன்றாகப் பாடுவாள். இது உடன்பிறந்த பாசத்தில் சொல்வதில்லை, நிஜமாகவே நன்றாகப் பாடுவாள். நாற்பத்தெட்டு வயதில் யாரோ ஒரு மாணவியின் அம்மா சொன்னார் என்று பாட்டுகளை வீடியோ எடுத்து இணையத்தில் போட ஆரம்பித்தாள். ஜன்னலோரம் நின்று, போனை ஒரு டப்பாவின்மேல் சாய்த்துவைத்து, கண்ணை மூடிக்கொண்டு பாடுவாள். முதல் வருஷம் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. அதன்பிறகு எங்கேயோ பிசகியது. மேலே போக வேண்டிய இடத்தில் முக்கால்வாசிதான் போவாள். அங்கேயே நின்றுகொண்டு, சரியாக வந்துவிட்டதாக நினைத்துச் சிரிப்பாள்.

மற்றதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போன் வந்தால் இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினாள். டிவி சத்தம் ஏறிக்கொண்டே போனது. "என்ன? என்ன சொன்ன?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, நான்காவது தடவை கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டினாள். கிளினிக்கில் இப்படி ஒருவர் வந்தால் நாற்காலியில் உட்காரும் முன்பே நான் கண்டுபிடித்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு எப்போதும் அக்கா வீட்டில்தான். அப்படி ஒரு ஞாயிறு, சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். புதுப் பாட்டு. முழுவதும் கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லு. மேல போற இடத்துல எனக்கே ஒரு சந்தேகம்."

அவளாகவே கதவைத் திறந்துவிட்டாள். நான் உள்ளே போயிருக்கலாம்.

"சூப்பர்க்கா" என்றேன். "உனக்கு வயசே ஆகலக்கா."

"நிஜமா?"

"நிஜமா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், "நான்தான் சொன்னேன்ல" என்று சிரித்தார். அவருக்குச் சுருதியும் தெரியாது, ஒன்றும் தெரியாது. அவர் சொன்னது பொய்யில்லை. நான் சொன்னதுதான் பொய்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது. எரிச்சல் வந்தால் நான் என்ன செய்வேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் எனக்கு இன்னொரு பெயர் உண்டு. 'உள்ளதைச் சொல்பவன்.' படத்துக்குப் பதில் ஒரு சாத்திய கதவு. இரண்டு வருஷத்துக்கு முன், என் பெட்டியைத் தொலைத்த ஒரு பஸ் கம்பெனியைத் திட்டுவதற்காக ஆரம்பித்தது. திட்டியதும் மனசு லேசானது. அதிலிருந்து யார் எதைப் போட்டாலும் போய் ஒரு வரி எழுதிவிட்டு வருவேன். சமையல் வீடியோ, கவிதை, கல்யாணப் போட்டோ, எதையும் விட்டதில்லை. நாலாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். "அண்ணே, போட்டு உடைச்சிட்டீங்கண்ணே" என்பார்கள். பகலெல்லாம் "ஆமா ஆமா" என்று தலையாட்டுகிற எனக்கு, யாரோ என்னை அண்ணன் என்று கூப்பிட்டுப் பயப்படுவது பிடித்திருந்தது.

அன்றைக்கு அந்தப் பெயரில் அக்காவின் பாட்டுக்குக் கீழே எழுதினேன்:

"சுருதி ஒரு ஊர்ல, பாட்டு இன்னொரு ஊர்ல. செவிட்டுக் குயிலே, முதல்ல போய்க் காதை டெஸ்ட் பண்ணிக்கோ."

அவளுக்கு உண்மை போய்ச் சேரட்டும் என்றுதான் எழுதினேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டெஸ்ட் பண்ணிக்கொள் என்ற பாதிக்கு அது பொருந்தும். செவிட்டுக் குயில் என்ற பாதிக்கு என்ன சமாதானம் சொல்வது? சிரிப்பார்கள் என்பதற்காகத்தான் அதை எழுதினேன்.

சிரித்தார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் அறுநூறு பேர். அக்காவின் பழைய பாட்டுகளையும் தேடிப் போய், நன்றாகப் பாடியிருந்த பாட்டுகளுக்குக் கீழேயும் 'செவிட்டுக் குயில் வாழ்க' என்று எழுதினார்கள். மாமா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மற்றவர்களுக்காக பிரேக் மிதிப்பதுதான் அவர் தொழில். இணையத்தில் அவருக்கு பிரேக்கே பிடிக்கவில்லை. சொந்தப் பெயரில், சொந்தப் போட்டோவோடு, முகம் தெரியாத முப்பது பேருடன் தனியாக நின்று சண்டை போட்டார். 'குயிலோட காக்கா வந்துடுச்சு' என்று அவரையும் கிழித்தார்கள்.

புதன்கிழமை அக்கா போன் செய்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நீ இந்த வேலையிலதான இருக்க? உன் பேர்ல ஒரு வார்த்தை எழுதிடேன். ஸ்கூல்ல பேரன்ட்ஸ் எல்லாம் பாக்கறாங்க. காது கேக்காத டீச்சர்னு பேராயிடும்."

சொல்வதற்கு இரண்டாவது வாய்ப்பு அது. 'அக்கா, ஒரு தடவை வந்து டெஸ்ட் எடுத்துக்கயேன்' என்று சொன்னால் முடிந்தது. அப்படிச் சொன்னால், அப்போ ஞாயிற்றுக்கிழமை ஏன் சூப்பர் என்றாய் என்று கேட்பாள்.

"இதோ எழுதறேன்க்கா" என்றேன்.

என் சொந்தப் பெயரில், என்ன வேலை, எத்தனை வருஷ அனுபவம் என்று எல்லாம் போட்டு எழுதினேன்: "இவங்க என் அக்கா. காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பதுதான் என் தொழில். இவங்க செவித்திறனில் எந்தக் குறையும் இல்லை. தெரியாமல் பேசாதீர்கள்."

அந்த வரி, நானே எழுதிய இன்னொரு வரிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தது. எனக்கும் எனக்கும் சண்டை. யாரோ வந்து, "அண்ணே, பதில் சொல்லுங்கண்ணே" என்று என்னையே எனக்கு எதிராக ஏவிவிட்டான். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அக்காவின் காதை நான் ஒரு தடவைகூடச் சோதித்ததில்லை.

இரண்டு நாள் கழித்து 'உள்ளதைச் சொல்பவனுக்கு' ஒரு தனிச்செய்தி வந்தது. அக்கா.

"வணக்கம் தம்பி. நீங்க எழுதினது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஆனா கோபத்துல கேக்கல. எந்த இடத்துல சுருதி விலகுதுன்னு சொல்ல முடியுமா?"

பதில் போடாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவள் 'தம்பி' என்று கூப்பிட்டதும் எனக்கு ஏனோ பேச வந்துவிட்டது. எந்தப் பாட்டில், எத்தனாவது வரியில், எவ்வளவு கீழே நிற்கிறாள் என்று விவரமாக எழுதினேன். கேலி இல்லாமல் எழுதினேன். போன வருஷத்துப் பாட்டுகளில் இந்தக் குறை இல்லை, அதனால்தான் காதைச் சோதிக்கச் சொன்னேன் என்றேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். சில இடங்களில் மறுத்தாள். "அந்த இடத்துல நான் வேணும்னுதான் இழுத்துப் பாடினேன் தம்பி, அது தப்பில்ல" என்றாள். "இல்லம்மா, இழுத்தது சரி, நின்ற இடம்தான் தப்பு" என்றேன். இப்படியே பத்து நாள் பேசினோம். நாற்பத்திரண்டு வருஷத்தில் அக்காவும் நானும் அப்படிப் பேசியதே இல்லை.

ஒருநாள் எழுதினாள்: "என் தங்கச்சி இந்தத் துறையிலதான் இருக்கா. காது நல்லா இருக்குன்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதிக் கொடுத்துட்டா. ஆனா தம்பி, உங்ககிட்ட சொல்றேன், அவ என்னை எதுலயும் மறுத்துப் பேசினதே இல்ல. சின்னதுல நான் ரொம்ப அதட்டுவேன். அந்தப் பயம் இன்னும் போகலயோ என்னவோ. அவ நல்லா இருக்குன்னு சொன்னா எனக்கு ஒண்ணுமே தெரியறதில்ல. நல்லா இருக்கா, இல்ல பயப்படறாளான்னு. நீங்க என் இடத்துல இருந்தா டெஸ்ட் பண்ணிப்பீங்களா?"

கிளினிக்கில் மதியச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். காது இரண்டும் சூடாகிவிட்டது. அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டதுபோல இருந்தது. என்னைப் பற்றிய கடிதம், எனக்கு வந்த கடிதமில்லை.

"பண்ணிப்பேன்" என்று மட்டும் எழுதினேன்.

"நன்றி தம்பி."

என்னோடு வேலை பார்ப்பவரை நாங்கள் எல்லோரும் மைக் என்றுதான் கூப்பிடுவோம். காது கேட்காதவர்களோடு பேசிப் பேசி, கேட்கிறவர்களிடமும் கத்தித்தான் பேசுவார். வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை நான் படியேறி வரும்போதே, காத்திருந்த எட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"உங்க அக்கா நேத்து வந்திருந்தாங்களே! நீங்கதான் ஆடியோ டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டீங்களாமே? நெட்ல எழுதியிருக்கீங்களாமே? எப்ப எடுத்தீங்க? நம்ம கம்ப்யூட்டர்ல ஃபைலே இல்லையே!"

என் முகத்தில் ஈயாடவில்லை. "அது... சும்மா" என்றேன்.

அவர் ரிசல்ட்டைத் திருப்பிக் காட்டினார். வலது காது ஓரளவு பரவாயில்லை. இடது காதின் கோடு, உச்சஸ்தாயிச் சத்தங்கள் வரும் இடத்தில் செங்குத்தாக இறங்கியிருந்தது. ஒரே சத்தம் அவளுக்கு இடது காதில் ஒரு உயரத்திலும் வலது காதில் வேறொரு உயரத்திலும் கேட்கிறது என்று எழுதியிருந்தார். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அவள் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். 'யார் சொல்லி வந்தீர்கள்' என்ற கட்டத்தில், 'இணையத்தில் ஒருவர்' என்று இருந்தது.

"நான் உங்க லீவ் நாள் தெரியாம வந்துட்டாங்கன்னு நினைச்சு, நாளைக்கு வாங்க, தங்கச்சியே எடுப்பாங்கன்னு சொன்னேன்" என்றார் மைக். இந்தத் தடவை அவருக்கே குரல் தணிந்துவிட்டது. "வேணாம் சார், அவ இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லிடுவான்னாங்க."

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா முன்னறையில் நோட்டு வைத்துக்கொண்டு மறுநாள் வகுப்புக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தார். அக்கா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. புகை இழுக்கும் ஃபேனும் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்று துலக்கிய பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை, ஒரு தட்டைப் பார்த்தபடியே சொன்னேன். முழுவதையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது.

அக்கா குழாயை மூடினாள்.

"என்னமோ சொல்லிட்டிருந்தியே, என்ன? ஒண்ணும் கேக்கல. இந்தப் பக்கம் வந்து சொல்லு."

வலது காதைக் காட்டினாள். ஃபேனை நிறுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு, என் உதட்டைப் பார்த்தபடி நின்றாள்.

காது மந்தமானவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். முகத்தை நேராகப் பாருங்கள். வாயை மறைக்காதீர்கள். நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள். மென்று முழுங்காதீர்கள்.

"அந்த... உள்ளதைச் சொல்பவன்..."

"சத்தமா சொல்லுடி."

"உள்ளதைச் சொல்பவன் நான்தான்க்கா!"

முன்னறையில் மாமாவின் பேனா கீழே விழுந்தது கேட்டது. எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை.

"நீயா?"

"நான்தான். செவிட்டுக் குயில்னு எழுதினதும் நான்தான். உன் காது நல்லா இருக்குன்னு எழுதினதும் நான்தான். ரெண்டையும் நான்தான் எழுதினேன்."

கன்னத்தில் ஓர் அறை விழும் என்றுதான் எதிர்பார்த்தேன். சின்னதில் ஒன்றிரண்டு வாங்கியிருக்கிறேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தத் தம்பிகிட்ட நான் உன்னைப் பத்திப் பேசினேன்" என்றாள். "நீ எனக்குப் பயப்படறேன்னு எழுதினேன். அதையும் உக்காந்து படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு, பண்ணிப்பேன்னு பதில் போட்ட."

"ஆமா."

"அப்பவாவது நான்தான்க்கான்னு சொல்லியிருக்கலாமே."

வாசலில் மாமா வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "உனக்காகவும் சேத்துதான் நான் அவங்ககிட்ட சண்டை போட்டேன்மா" என்றார். "உன்னைப் பொய் சொல்றவள்னு ஒருத்தன் எழுதினான். அவனை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் சொன்னது சரிதான் போல." குரலை உயர்த்தவே இல்லை. எதிரில் நிற்க முடியாமல் துண்டை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

"நீ கெளம்பு" என்றாள் அக்கா. "நான் இப்ப என்ன பேசினாலும் தப்பாப் பேசிடுவேன்."

மறுநாள் அந்தப் பாட்டுக்குக் கீழே என் சொந்தப் பெயரில் எழுதினேன். சோதிக்காமலே சோதித்ததுபோலச் சொன்னேன், அது தவறு, கேலி செய்த அந்தக் கணக்கும் என்னுடையதுதான், என் அக்காவிடமும் மாமாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். மூன்றே வரி. அதை எழுத அரை நாள் ஆனது. அண்ணே என்று கூப்பிட்டவர்கள் எல்லோரும் இப்போது என்மேல் பாய்ந்தார்கள். என்னென்ன எழுதினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுதும் விதம் எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். இரண்டு நாள் அதை அப்படியே விட்டுவைத்துவிட்டு, கணக்கை மூடினேன்.

டாக்டரிடம் நானாகவே போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"டெஸ்ட் எடுக்காமலே நார்மல்னு சொன்னீங்களா?"

"ஆமா சார்."

"வேற யாருக்காவது அப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"அதை நான் இப்ப எப்படி நம்பறது?" என்றார். ஆறு மாதத்துக்கு நான் எடுக்கும் ஒவ்வொரு ரிசல்ட்டிலும் மைக் கையெழுத்து போட வேண்டும் என்று முடிவானது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு, புதிதாகச் சேர்ந்தவள்போல ஒவ்வொரு தாளையும் எடுத்துக்கொண்டு அவர் மேசைக்கு நடக்கிறேன். அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டால், "படிச்சிட்டுப் போடுங்க" என்று நானே சொல்கிறேன்.

காது மிஷின் பொருத்திக்கொள்ள அக்கா வந்தது மூன்று வாரம் கழித்து. மைக்கிடம்தான் நேரம் வாங்கியிருந்தாள். மாமா வண்டியை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். நான் ஃபைல் அடுக்குகிற சாக்கில் ஓரமாக நின்றேன். அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், அறிமுகமில்லாத இடத்தில் வேலை பார்ப்பவர்களைப் பார்த்துத் தலையசைப்பதுபோல.

மிஷினை மாட்டிச் சரிசெய்தபின், பழகிய குரலில் வார்த்தைகள் சொல்லிப் பார்க்க வேண்டும். மைக் மாமாவைத் தேடினார். காணோம். என் கையில் வார்த்தைப் பட்டியலைக் கொடுத்தார். "நீங்கதான் சொல்லணும். வாயை மறைச்சுக்கோங்க."

அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்தேன். தாளை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"கதவு."

"கதவு."

"மழை."

"மழை."

"சாடி."

"தாடி" என்றாள், உறுதியாக.

மைக் குறிப்பெழுதக் காத்திருந்தார். "சரிதானா?" என்றார் என்னைப் பார்த்து.

முன்பு என்றால் நான் தலையாட்டியிருப்பேன். ஒரு எழுத்துதானே, அக்கா முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டாமே என்று விட்டிருப்பேன்.

"இல்லக்கா" என்றேன். "தப்பு."

அவள் முகம் சுருங்கத்தான் செய்தது. "தாடின்னுதான் எனக்குக் கேட்டுச்சு. நீதான் சரியாச் சொல்லல."

"நான் சரியாத்தான்க்கா சொன்னேன்."

"திரும்பச் சொல்லு."

சொன்னேன். மறுபடியும் தாடி. மைக் மிஷினில் எதையோ திருகினார். மூன்றாவது தடவை சாடி என்றாள். பட்டியலை முடிக்கிறவரை அவள் என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை. நாற்பது வார்த்தையில் ஏழு தப்பு. ஏழையும் தப்பு என்று சொன்னேன்.

மாமா வந்ததும் எழுந்துகொண்டாள். படியருகே போய், இடது காதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வராத" என்றாள். "எப்ப வரணும்னு நானே சொல்றேன்."

"எனக்கு வரணும்னு இருக்குக்கா" என்றேன்.

"தெரியும். வராத."

மாமா கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். ஒவ்வொரு படியிலும் தன் செருப்புச் சத்தம் கேட்டு அவள் நின்று நின்று போவது கீழே தெரு வரைக்கும் எனக்குக் கேட்டது.